ஓதம் ஏறாத வீடு

ராயபுரம் முதல் எண்ணூர் வரை, உப்பு மண்ணில் அஸ்திவாரம் போடுகிறவர் முதல் பணத்தை எதற்குச் செலவழிக்க வேண்டும்?

தமிழில் ‘ஓதம்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். சுவரில் ஏறும் ஈரம் ஒன்று; கடலின் அலையும் பெருக்கும் இன்னொன்று. வேறு ஊர்களில் அகராதியில் மட்டும் சேர்ந்திருக்கும் இந்த இரண்டும், ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் ஒரே சுவரில் சேர்ந்துகொள்கின்றன. கட்டி நான்கைந்து ஆண்டே ஆன வீட்டின் கீழ்த்தளத்தில்கூட இதைப் பார்க்கலாம். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்தில் வளைந்து வளைந்து ஓடும் ஒரு கறைக் கோடு. அதற்குக் கீழே கொப்பளித்த பெயின்ட். கொப்பளத்தை நகத்தால் சுரண்டினால் பூச்சு மாவாக உதிரும். கூடவே பஞ்சு மாதிரி வெள்ளையாக ஒரு பொடியும் வரும். அது உப்பு. வீட்டுக்காரர் பட்டி பார்த்துப் பெயின்ட் அடிப்பார். அடுத்த மழைக்கு மறுபடி கொப்பளிக்கும். சலித்துப்போய் மூன்றடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டி மறைப்பார். சுவருக்குள் ஏறிய ஈரம் ஆவியாகி வெளியேற ஓர் இடம் தேடும். அந்த இடத்தை டைல்ஸ் அடைத்துவிட்டால், டைல்ஸுக்கு மேலே ஏறி அங்கே கோடு போடும்.

இந்தக் கதையைப் பக்கத்து வீட்டில் பார்த்தவர்கள் தங்கள் வீட்டுக்கு வானம் தோண்டும்போதே கேட்டுவிடுகிறார்கள்: அஸ்திவாரத்துக்குக் கட்டுப்படியாகிற விலையில் எந்த வாட்டர்புரூஃபிங் நல்லது? பெயின்ட் கடையில் கேட்டால் பதில் ஒரு டின்னாக வரும். விற்பவர் மேல் குற்றமில்லை, அவர் கடையில் இருப்பது டின்தான். கேள்வியில்தான் ஒரு பிசகு இருக்கிறது. வடசென்னைக் கரையில் தண்ணீரைவிட அது சுமந்து வரும் உப்புதான் பெரிய பகை. அந்த உப்பு போய்ச் சேரத் துடிக்கும் இடமும் சுவரின் பெயின்ட் அல்ல, கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி. இதை ஒப்புக்கொண்டால் செலவின் வரிசை மாறிவிடும். முதல் பணம் நல்ல கான்கிரீட்டுக்கு, அடுத்தது பேஸ்மட்டத்துக்கு, மிச்சம் இருந்தால் பூச்சுக்கு. சிறிய வீட்டுக்குக் கட்டுப்படியாகிற வரிசையும் இதுதான், நீண்ட காலம் நிற்கிற வரிசையும் இதுதான் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

மண்ணுக்குள் ஒரு கடல்

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரையுள்ள நிலம் கிழக்கே கடலுக்கும் மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் நடுவில் நெருக்குண்டு கிடக்கும் ஒரு நாடா. வடக்கு முனையில் கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர்க் கழிமுகம். இந்த வட்டாரத்தின் நிலத்தடியில் கடல் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்பதற்கு மீஞ்சூர் பழைய சாட்சி. ஆரணி, கொசஸ்தலை ஆற்றுப் படுகைகளிலிருந்து நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் பல ஆண்டுகள் நீர் இறைக்கப்பட்டது. நல்ல நீர் குறைந்த இடத்தைக் கடல்நீர் பிடித்துக்கொண்டது. 1960களின் கடைசியிலேயே அது கண்டறியப்பட்டது. அதற்குப் பிறகும் பல கிலோமீட்டர் உள்ளே நகர்ந்தது. கிணற்று நீருக்குப் பேர்போன அதே மீஞ்சூரின் அருகே, காட்டுப்பள்ளியில், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010இல் திறக்கப்பட்டது. ஊரின் நிலத்தடி நீர்க் கதையை இந்த ஒரு திருப்பமே சொல்லிவிடும்.

இந்த வட்டாரத்தில் அனல்மின் நிலையங்கள், உர ஆலைகள், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை எல்லாம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. ஆகவே ஒரு தெரு மண்ணில் குளோரைடு மட்டும் இருக்கலாம், அடுத்த தெருவில் சல்பேட்டும் சேர்ந்திருக்கலாம். பருவநிலையும் துணை போகிறது. ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் அஸ்திவாரத்தை நனைக்கிறது. சித்திரை வெயிலில் அது காய்கிறது. நனையும்போது உப்பு உள்ளே போகிறது. காயும்போது தண்ணீர் மட்டும் கிளம்பிவிடுகிறது, உப்பு தங்கிவிடுகிறது. எப்போதும் நீரில் மூழ்கியே கிடக்கும் கான்கிரீட்டைவிட, இப்படி மாறி மாறி நனைந்து காய்வதுதான் சீக்கிரம் கெடும்.

இதையெல்லாம் நம் கட்டுமான விதிகள் அறியாமல் இல்லை. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456, 2000ஆம் ஆண்டுப் பதிப்பில், கட்டடம் நிற்கும் சூழலை ஐந்து படிகளாகப் பிரிக்கிறது. கடலோரக் காற்று படும் கான்கிரீட் ‘கடுமை’ என்ற மூன்றாம் படியில் வருகிறது. கேடு செய்யும் மண்ணிலோ நிலத்தடி நீரிலோ புதைந்த கான்கிரீட் ‘மிகக் கடுமை’ என்ற நான்காம் படி. நான்காம் படியில் கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு அது கேட்பது: எம்-35 தரம், கன மீட்டருக்குக் குறைந்தது 340 கிலோ சிமென்ட், சிமென்ட் எடையில் 0.45 மடங்குக்கு மேல் போகாத தண்ணீர், கம்பிக்கு வெளியே 50 மி.மீ. கான்கிரீட் உறை. வடசென்னையின் சிறிய வீடுகளோ பெரும்பாலும் ‘ஒண்ணுக்கு ஒண்ணரைக்கு மூணு’ (சிமென்ட், மணல், ஜல்லி) என்ற எம்-20 கலவையில்தான் எழுகின்றன. அந்த வகைக் கைக்கணக்குக் கலவைக்கு ஐ.எஸ். 456 அனுமதி தருவது எம்-20 வரைக்கும் மட்டுமே.

தாத்தா வீடு நிற்கிறதே?

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். ராயபுரம் ரயில் நிலையம் 1856இல் திறக்கப்பட்டது. அதே கடல் காற்றில் இன்றும் நிற்கிறது. பழைய சந்துகளில் நூறு வயது வீடுகள் இருக்கின்றன. அவற்றுக்கெல்லாம் யார் வாட்டர்புரூஃபிங் செய்தார்கள்? யாரும் செய்யவில்லை. அவற்றிலும் ஓதம் ஏறுகிறது, காரை உதிர்கிறது. ஆனால் அந்தச் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த கனமான சுவர்கள். தன் பருமனாலேயே பாரம் தாங்குபவை. உள்ளே கம்பி இல்லை. சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி மறுபடி காற்றில் விட்டுவிடும். உப்பு பூத்தால் பூச்சு போகும், வீடு போகாது. நம் காலத்து வீட்டின் பாரம் முழுக்கத் தூண் கம்பியிலும் பீம் கம்பியிலும் நிற்கிறது. குளோரைடு கம்பியைத் தொட்டதும் துரு பிடிக்கிறது. துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கிறது. இடமில்லாமல் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. வெடித்த வழியாக இன்னும் உப்பு. தாத்தா வீட்டில் ஓதம் ஒரு தொல்லை. பேரன் வீட்டில் அது வீட்டின் ஆயுளைக் குறைக்கும் நோய்.

2021 இதற்கு இரண்டு பாடங்களை விட்டுச் சென்றது. அந்த ஆண்டு ஜூன் 24 அன்று அமெரிக்காவின் மயாமி அருகே சர்ஃப்சைடு கடற்கரையில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம் இடிந்து 98 பேர் இறந்தார்கள். நீச்சல் குளத் தளத்தின் கீழிருந்த வாட்டர்புரூஃபிங் பழுதாகி, கான்கிரீட் பெரிய சேதம் அடைந்திருப்பதாக 2018இலேயே ஒரு பொறியாளர் அறிக்கை எச்சரித்திருந்தது. ஆறு மாதம் கழித்து, டிசம்பர் 27 அன்று, நம் திருவொற்றியூரில் முப்பது ஆண்டுகூட நிறையாத அரசுக் குடியிருப்பு ஒன்றின் 24 வீடுகள் கொண்ட பகுதி சரிந்தது. விரிசலைப் பார்த்துவிட்டு மக்கள் முன்பே வெளியேறியதால் உயிர்கள் தப்பின. இரண்டுக்கும் ஒரே காரணம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. கடலோரத்தில் கான்கிரீட்டுக்கு ஆயுள் தானாக வந்துவிடாது என்பதை மட்டும் இரண்டும் சேர்ந்தே சொல்கின்றன.

ஒரு மூட்டைக்கு எத்தனை லிட்டர்?

இனி காசுக் கணக்கு. ‘ஒண்ணுக்கு ஒண்ணரைக்கு மூணு’ கலவையில் ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்கு ஏறத்தாழ 8 மூட்டை சிமென்ட் போகிறது. அதாவது 400 கிலோ. ‘மிகக் கடுமை’ப் படிக்கே விதி கேட்பது 340 கிலோதான். சிமென்ட்டுக்கு நாம் ஏற்கெனவே தாராளமாகப் பணம் கொடுத்துவிட்டோம். அதற்குரிய கெட்டித்தன்மைதான் நமக்குக் கிடைக்கவில்லை. அது போவது வாளி வழியாக. 0.45 என்ற அளவை மூட்டைக் கணக்கில் மாற்றினால் 50 கிலோ மூட்டைக்கு இருபத்திரண்டரை லிட்டர் தண்ணீர். மணலில் இருக்கும் ஈரமும் அதில் அடக்கம். கை போன போக்கில் ஊற்றும்போது இது முப்பதைத் தாண்டி முப்பத்தைந்தைத் தொடும். சிமென்ட் வேதிவினையில் பிடித்துக்கொள்வது தன் எடையில் கால்பங்கு அளவு தண்ணீரைத்தான். அளவுக்கு மீறி ஊற்றிய நீர் வெளியேறும்போது கண்ணுக்குத் தெரியாத குழாய்களை விட்டுச் செல்கிறது. பின்னாளில் உப்பு நீர் ஏறுவது அந்தக் குழாய்களில்தான். ஆக, கூடுதலாக ஊற்றாமல் விட்ட பத்து லிட்டர் தண்ணீர்தான் இந்த ஊரில் கிடைக்கும் மிக மலிவான வாட்டர்புரூஃபிங். அதற்கு விலையே கிடையாது.

தண்ணீர் குறைந்தால் கலவை இறங்காது, கம்பிக்கு இடையில் போகாது, தேன்கூடாகிவிடும் என்று மேஸ்திரி சொல்வார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. கையால் குத்தி இறக்கும் வேலையில் இறுக்கமான கலவை ஓட்டை விட்டுவிடும். ஓட்டை விட்ட கான்கிரீட் தளர்ந்த கான்கிரீட்டைவிட மோசம். அதற்குப் பரிகாரம் தண்ணீர் அல்ல. மூட்டைக்குச் சிறிதளவே தேவைப்படும் பிளாஸ்டிசைசர் திரவமும், கான்கிரீட் நாளன்று வாடகைக்கு எடுக்கும் வைப்ரேட்டரும்தான். ஒரு 600 சதுர அடி வீட்டில் தரைக்குக் கீழே போகும் கான்கிரீட் 10 கன மீட்டர் என்று கணக்குக்கு வைத்துக்கொள்ளலாம். கன மீட்டருக்கு ஒரு மூட்டை கூடுதலாகப் போட்டாலும் 10 மூட்டைதான் அதிகம். கூடவே ஒரு பொறியாளரிடம் டிசைன் மிக்ஸ் எழுதி வாங்கும் கட்டணம். மொத்த வீட்டுச் செலவில் இது மாடிப்படிக் கைப்பிடிக்கு ஆகும் தொகையோடு போட்டி போடுகிற அளவு. ரெடிமிக்ஸ் லாரி நுழையாத சந்து என்பதும் சாக்காகாது. பெட்டியால் அளந்து, மெஷினில் கலந்து, தண்ணீரைக் குறியிட்ட வாளியில் ஊற்றினால் சந்துக்குள்ளும் நல்ல கான்கிரீட் பிறக்கும்.

அளவு மட்டும் போதாது, எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். கம்பி கான்கிரீட் கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456. கடல்நீரில் இருப்பது ஏறத்தாழ 19,000. நூறு லிட்டர் நல்ல தண்ணீரில் மூன்று லிட்டர் கடல்நீர் சேர்ந்தாலே வரம்பு உடைந்துவிடும். கரையோர போர் தண்ணீரில் கான்கிரீட் கலப்பது, வெளியே நிற்கும் பகையை நாமே கைப்பிடித்து உள்ளே உட்கார வைப்பது. அதன்மேல் எந்த டின்னைப் பூசியும் பயனில்லை. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் மாதிரியான இடத்தில் ஒரு பாட்டில் தண்ணீரைச் சோதித்துவிட்டு, தேறாவிட்டால் கான்கிரீட்டுக்கு மட்டுமாவது லாரித் தண்ணீர் வாங்குவதே சிக்கனம். செங்கல் ஊறப்போடும் தொட்டிக்கும் இதே விதிதான். நாட்டுச் செங்கல் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குவரை தண்ணீர் குடிக்கலாம் என்று தரநிலையே அனுமதிக்கிறது. அது குடிப்பது உப்பு நீராக இருந்தால் சுவர் எழும்பும்போதே உப்போடுதான் எழும்பும்.

சிமென்ட் வகையில் இன்னொரு கண்ணி இருக்கிறது. உப்பு மண் என்றதும் ‘சல்பேட் எதிர்ப்பு சிமென்ட் வாங்குங்கள்’ என்று யோசனை வரும். பெயர் நம்பிக்கை தருகிறது. ஆனால் குளோரைடைப் பிடித்துக் கட்டிவைக்கும் ஒரு சேர்மம் அந்த சிமென்ட்டில் குறைவாக இருக்கும். குளோரைடும் சல்பேட்டும் சேர்ந்திருக்கும் இடத்தில் அதைத் தவிர்த்துவிட்டு, பாதிக்கு மேல் கசடு சேர்ந்த ஸ்லாக் சிமென்ட் போன்றவற்றைப் பயன்படுத்தலாம் என்பதே ஐ.எஸ். 456 காட்டும் வழி. கலப்பு சிமென்ட்டுக்குப் பொறுமை வேண்டும்: குறைந்தது 10 நாள், வெயில் காலத்தில் 14 நாள் நீராற்ற வேண்டும். மறுநாளே மண்ணைத் தள்ளி மூடிவிட்டால், இறுகாத கான்கிரீட்டுக்கு முதல் குளியலே உப்பு நீரில்தான். கவர் பிளாக்கும் அப்படித்தான். 50 மி.மீ. பிளாக் சில ரூபாய்ப் பொருள். அதற்குப் பதில் கம்பிக்கு அடியில் உடைந்த செங்கல் துண்டைச் செருகினால், மண்ணிலிருந்து கம்பிக்கு நேராக ஒரு விளக்குத் திரி போட்டுக் கொடுத்தது போல ஆகும்.

மூன்று மூட்டையில் ஒரு தடுப்பு

கான்கிரீட்டுக்கு அடுத்த செலவு பேஸ்மட்டம். ஓதம் ஏறுவது தந்துகி விசையால்; நுண்துளை எங்கே தொடர்ச்சி அறுகிறதோ அங்கே அது நின்றுவிடும். அந்த அறுப்புக்குத்தான் டி.பி.சி. என்ற ஈரத் தடுப்புப் பட்டை. பிளிந்த் பீம் போட்டாகிவிட்டது, அதுவே தடுக்கும் என்பது பரவலான நம்பிக்கை. தளர்வான எம்-20இல் போட்ட பீமும் ஒரு நுண்துளைப் பொருள்தான். ஈரத்தைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. இருபதுக்கு முப்பது அடி வீட்டில் வெளிச்சுவர் 100 அடி, உள்சுவர் 40 அடி என்று கொள்வோம். ஒன்பது அங்குலச் சுவரின் அடியில் ஒன்றரை அங்குலக் கனத்தில் ‘ஒண்ணுக்கு ரெண்டுக்கு நாலு’ பட்டை ஓட்டினால் 13 கன அடிதான் வரும். மூன்று மூட்டை சிமென்ட்டுக்குள் முடிந்துவிடும். மூட்டைக்கு வழக்கமாகச் சேர்க்கும் 200 மி.லி. வாட்டர்புரூஃபிங் திரவம், காய்ந்தபின் மேலே இரண்டு கோட் தார். இதை விட்டுவிட்டுப் பின்னால் உள்சுவருக்குப் பூசும் ‘டேம்ப் புரூஃப்’ பெயின்ட் டின் ஒன்றின் விலையே இதோடு சரிக்குச் சரி நிற்கும்.

பேஸ்மட்டத்துக்குள் நிரப்பும் மண்ணையும் கேட்டு வாங்க வேண்டும். கடல் மணலோ உவர் மண்ணோ உள்ளே போனால் தரை வழியாக உப்பு ஏறி டைல்ஸ் இணைப்புகளில் பூக்கும். நல்ல கிராவல் நிரப்பி இறுக்கி, மேலே ஓர் அடுக்கு பெரிய ஜல்லி பரப்பினால், அதன் பெரிய இடைவெளிகளில் தந்துகி ஏற்றம் அறுந்துவிடும். அதற்கு மேல் கனமான பாலிதீன் ஷீட், பிறகு தரைக் கான்கிரீட். உயரமும் ஒரு வாட்டர்புரூஃபிங்தான். சாலை போடும்போதெல்லாம் வீடுகள் பள்ளமாகிப் போகும் ஊர் இது. பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்த பின்பே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவிட்டார். அந்த உத்தரவை நம்பி மட்டும் பேஸ்மட்டத்தின் உயரத்தைக் குறைத்துவிடக் கூடாது. சாலையைவிட மூன்றடி உயர்ந்த தரையும், சுவரைச் சுற்றி வெளிப்பக்கம் சாய்ந்த சிமென்ட் தளமும் எந்த டின்னிலும் அடைத்து விற்கப்படாதவை.

அப்படியானால் பூச்சே வேண்டாமா? வேண்டும், அதன் இடத்தில். அடித்தளக் கார் நிறுத்தம் இல்லாத சாதாரண வீட்டில் அஸ்திவாரத்தின்மேல் நீரழுத்தம் கிடையாது, ஈர ஏற்றம்தான் உண்டு. அதற்குத் தீ காட்டி ஒட்டும் ஏ.பி.பி. மெம்பிரேன் தேவைக்கு மீறிய செலவு. மண்ணில் புதையும் தூணுக்கும் பீம் பக்கங்களுக்கும் தார்ப் பூச்சோ, இரு பாகமாக வரும் சிமென்ட் பாலிமர் பூச்சோ போதும். தார் மலிவு, ஆனால் ஈரமான பரப்பில் ஒட்டாது, எண்ணெயில் கரையும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசடும் எண்ணூர்ப் பகுதிக்குள் புகுந்ததை நினைத்தால், கழிமுகத்தை ஒட்டிய தாழ்வான மனைகளுக்குச் சிமென்ட் பாலிமர் பூச்சே பொருத்தம். அது ஈரப் பரப்பிலும் ஒட்டும். பூச்சுக்கு உண்மையிலேயே தாராளமாகச் செலவழிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: சம்ப் என்கிற தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி. அங்கே நிஜமாகவே நீரழுத்தம் இருக்கிறது. சம்ப் காலியாக இருக்கும் நாளில் உப்பு நிலத்தடி நீர் விரிசல் வழியே குடிநீருக்குள் கசியும். மெம்பிரேனுக்கு வைத்த பணத்தை அங்கே திருப்பிவிடலாம்.

ராயபுரத்தின் ஒட்டுச் சுவர் மனைகளில் வெளிப்பக்கம் பூச இடமே இல்லையே என்பது அடுத்த மறுப்பு. உண்மை. அங்கே கட்டிய பிறகு பூச முடியாது. ஆகவே பக்கத்து மனை ஓரம் கனமான ஷீட்டை முதலில் விரித்து அதை ஒட்டியே கான்கிரீட் போட வேண்டும். இடம் குறுகக் குறுக, கான்கிரீட்டே காவலாக இருக்க வேண்டிய அவசியம் கூடுகிறது. கம்பிக்கே பூச்சு பூசிவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கும் நல்ல விடை இருக்கிறது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் கம்பிக்கான சிமென்ட் பாலிமர் பூச்சை உருவாக்கி நெடுநாளாகிறது. வசதியுள்ளவர்கள் அஸ்திவாரக் கம்பிக்கு மட்டுமாவது அதைக் கேட்கலாம். ஆனால் கம்பி கட்டும்போது உரசிப் போன இடங்களைத் திரும்பப் பூச ஆள் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் துரு அந்த உரசலில் இருந்தே தொடங்கும்.

கடைசியாக, இதையெல்லாம் யார் பார்ப்பது என்ற கேள்வி. 2024 ஜூலையில் தமிழக அரசு கொண்டுவந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட இணையத்திலேயே உடனடியாக அனுமதி கிடைக்கிறது. அலுவலகத்துக்கு அலைந்தவர்களுக்கு அது நிம்மதி. ஆனால் அந்த விண்ணப்பம் எந்தத் தண்ணீரில் கான்கிரீட் கலந்தீர்கள் என்று கேட்பதில்லை; முன்பிருந்த அனுமதியும் கேட்டதில்லை. கேட்க வேண்டியவர் வீட்டுக்காரர்தான். அவர் கேட்பதற்கான காலமும் மிகக் குறுகியது. பெயின்ட்டை அடுத்த ஆண்டு மாற்றலாம், டைல்ஸைப் பெயர்த்து ஒட்டலாம். வானம் மூடிய பிறகு அதற்குள் இருக்கும் தூணுக்குப் பூச்சும் கிடையாது, பரிசோதனையும் கிடையாது. ஆகவே டின்னைத் தேடிக் கடைக்குப் போகும் முன், கான்கிரீட் போடும் அன்று ஒரு நாள் வேலைக்கு விடுப்பு எடுங்கள். மெஷின் பக்கத்தில் நின்று, மூட்டைக்கு எத்தனை வாளி விழுகிறது என்று எண்ணுங்கள். அந்த ஒரு நாள் சம்பளத்தையும் வாட்டர்புரூஃபிங் செலவில் எழுதிக்கொள்ளலாம்.